எச்.ஐ.வி. 'கண்டறிய முடியாத அளவு' என்றால் குணமா?

இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் இப்படி வந்ததும் எச்.ஐ.வி. குளிசையை நிறுத்தலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. பரிசோதனைக்கு அகப்படாத அளவுக்கு இரத்தத்தில் வைரஸ் குறைந்துவிட்டது, அவ்வளவுதான். எச்.ஐ.வி. சில வெள்ளணுக்களின் டி.என்.ஏ.க்குள்ளேயே தன்னைச் செருகிக்கொண்டு உறங்கும். குளிசை பெருகும் வைரஸைத்தான் தடுக்கும், உறங்குவதைத் தொடாது. வளவில் கோரைப்புல் வெட்டியவர்களுக்குத் தெரியும்: தரை சுத்தமாக இருக்கும், கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும், ஒரு மழை போதும். மருந்தை விட்டால் பெரும்பாலும் சில வாரங்களிலேயே வைரஸ் திரும்பிவிடும். (கொழும்பு 10, டி சேரம் பிளேஸ் அரச கிளினிக்கில் மருந்து இலவசம், விவரம் வெளியே போகாது.)

'குணமாகவில்லை என்றால் துணைக்குத் தொற்றும்தானே' என்பதும் தவறு: குளிசையை ஒழுங்காக எடுத்து அளவு இப்படியே இருக்கும்வரை உடலுறவால் தொற்றாது, 2019இல் வெளியான பார்ட்னர் 2 ஆய்வின் 782 ஆண்-ஆண் ஜோடிகளில் (ஒருவருக்கு எச்.ஐ.வி. உண்டு, மற்றவருக்கு இல்லை) ஒருவருக்குக்கூடத் துணையிடமிருந்து தொற்றவில்லை.