‘எல்லாம் ஃப்ரீ’ பாக்ஸ் வேண்டாம், எந்த ஸ்டிக் வாங்கலாம்?

கேள்வி: எங்கள் வீட்டில் இருப்பது எட்டு வருடப் பழைய 32 இன்ச் டிவி. ஸ்மார்ட் டிவி என்று சொல்லித்தான் வாங்கினோம். இப்போது யூடியூப் திறப்பதற்குள் காபி ஆறிவிடுகிறது, பாதி ஆப்கள் அப்டேட் ஆவதே இல்லை. புது டிவிக்கு இப்போது வசதியில்லை. டிவியில் செருகி ஆப்களை ஓட்டும் ஸ்டிக் ஒன்று வாங்கலாம் என்று கடைக்குப் போனால், கடைக்காரர் 2,500 ரூபாய்க்கு ஓர் ஆண்ட்ராய்டு பாக்ஸைக் காட்டி, ‘எல்லா ஓடிடியும் ஃப்ரீ, சந்தாவே வேண்டாம்’ என்கிறார். என் மகளோ, ‘எதை மாட்டினாலும் நாம் பார்ப்பதையெல்லாம் கம்பெனிக்காரன் பார்ப்பான்’ என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது? என் பட்ஜெட் 4,000 ரூபாய், மிஞ்சிப்போனால் 5,000. (வாசகர், கும்பகோணம்)

பதில்: மகள் சொல்வது பெரும்பாலும் சரி. கடைக்காரர் சொல்வதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

இதில் இரண்டு தனித்தனி பயங்கள் இருக்கின்றன. அமேசான், கூகுள் போன்ற பெரிய கம்பெனிகள் நம் ரசனையைக் கவனித்து விளம்பரம் காட்டுவது ஒன்று. அது எரிச்சலான விஷயம்தான், ஆனால் செட்டிங்ஸில் போய்ப் பாதிக்கு மேல் அடக்கிவிடலாம். இன்னொன்று, பெயர் தெரியாத ஒரு பாக்ஸ் உங்கள் வீட்டு இன்டர்நெட் இணைப்பையே வெளியாளுக்கு வாடகைக்கு விடுவது. இதை எந்த செட்டிங்ஸிலும் நிறுத்த முடியாது. பலர் முதல் பயத்தை நினைத்து ஸ்டிக்கைத் தவிர்த்துவிட்டு, நேராக இரண்டாவதில் போய் விழுகிறார்கள். அதனால் பாக்ஸ் கதையை முதலில் பார்த்துவிடுவோம்.

2023 ஜனவரியில் கனடாவைச் சேர்ந்த டேனியல் மிலிசிக் என்பவர் தான் வாங்கிய டி95 என்ற மலிவான ஆண்ட்ராய்டு பாக்ஸை ஆராய்ந்து பார்த்தார். அதன் சிஸ்டத்துக்குள்ளேயே தீய மென்பொருள் இருந்தது. பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே அது உள்ளே வந்துவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் ஹியூமன் செக்யூரிட்டி என்ற நிறுவனம் இதன் பின்னால் இருக்கும் வலைப்பின்னலுக்கு ‘பேட்பாக்ஸ்’ என்று பெயர் வைத்து விவரங்களை வெளியிட்டது. 2025 மார்ச்சில் வந்த ‘பேட்பாக்ஸ் 2.0’ அறிக்கையில் பாதிக்கப்பட்ட கருவிகள் 10 லட்சத்தைத் தாண்டியிருந்தன. ஜூன் மாதம் அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ பொது எச்சரிக்கை விட்டது. ஜூலையில் அதை நடத்துபவர்கள் மீது கூகுள் வழக்கே போட்டது. அப்போது சொல்லப்பட்ட எண்ணிக்கை ஒரு கோடிக்கும் மேல். அந்த ஆண்டின் கடைசியில் ‘கிம்உல்ஃப்’ என்று இன்னொரு வலைப்பின்னல் பிடிபட்டது. அதில் சிக்கியவையும் பெரும்பாலும் ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸ்கள்தான். அதிகம் பாதிக்கப்பட்ட நாடுகளின் வரிசையில் பிரேசிலோடு இந்தியாவும் முன்னால் நின்றது.

அந்த மென்பொருளுக்கு நீங்கள் என்ன படம் பார்க்கிறீர்கள் என்பதில் அக்கறையே இல்லை. அதற்கு வேண்டியது உங்கள் ஐபி முகவரி, அதாவது இன்டர்நெட்டில் உங்கள் வீட்டு இணைப்பின் விலாசம். யாரோ ஒருவன் உங்கள் வீட்டு விலாசத்தைப் போட்டு ஊரெல்லாம் மொட்டைக் கடிதம் அனுப்புவது போன்ற காரியம் இது. எங்கோ உட்கார்ந்திருப்பவன் திருடிய பாஸ்வேர்டுகளைச் சோதித்துப் பார்க்கிறான், விளம்பரங்களைப் போலியாக கிளிக் செய்கிறான், ஏதோ ஒரு இணையதளத்தைத் தாக்குகிறான். எல்லாம் உங்கள் இணைப்பு வழியாக வெளியே போகிறது. யாராவது தேடிக்கொண்டு வந்தால் முதலில் தட்டப்போவது உங்கள் வீட்டுக் கதவை. ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் போகாது, ஏனென்றால் அது சிஸ்டத்தின் அடியிலேயே இருக்கிறது.

மலிவு பாக்ஸ் எல்லாவற்றிலும் இது இருக்கும் என்று சொல்ல மாட்டேன். எக்ஸ்96, எம்எக்ஸ்க்யூ மாதிரியான பெயர்களில் யார் யாரோ தயாரித்து விற்கிறார்கள். ஒன்று சுத்தமாக இருக்கலாம், பக்கத்துப் பெட்டியில் இருப்பது அப்படி இல்லாமலும் போகலாம். கடையில் நின்று பார்த்தால் தெரியாது. ஆனால் சில அடையாளங்கள் உண்டு. ‘எல்லாம் ஃப்ரீ’ என்ற பேச்சு முதல் அடையாளம். ப்ளே ப்ரொடெக்ட் என்ற கூகுளின் பாதுகாப்புச் சோதனையை ஆஃப் செய்யச் சொன்னால் அடுத்த நொடி கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். 2,500 ரூபாய்க்கு 8கே, 128 ஜிபி என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்திருந்தால் அதையும் நம்பாதீர்கள். ஏற்கெனவே வீட்டில் ஒரு பாக்ஸ் இருந்தால், ப்ளே ஸ்டோரின் செட்டிங்ஸில் ‘அபவுட்’ பகுதிக்குப் போங்கள். ப்ளே ப்ரொடெக்ட் சான்று பெற்ற கருவி என்று அங்கே வர வேண்டும். வராவிட்டால் வைஃபையிலிருந்து கழற்றிவிட்டு, அதில் எந்த ஜிமெயிலைப் போட்டு லாகின் செய்தீர்களோ அதன் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.

சொல்லப்போனால் ‘ஃப்ரீ’ கூட அவ்வளவு லாபமில்லை. முறையான சான்று இல்லாத பாக்ஸில் நெட்ஃப்ளிக்ஸ், பிரைம் போன்றவை 480பி என்ற மங்கலான தரத்துக்கு மேல் பெரும்பாலும் ஓடாது. திருட்டு ஆப் இன்று ஓடும், நாளை ஓடாது.

சரி, அப்போது என்னதான் வாங்குவது?

முதலில் உங்கள் பிராட்பேண்ட் கம்பெனிக்கு போன் போட்டுக் கேளுங்கள். பல ஃபைபர் திட்டங்களில் பாக்ஸும் சேர்ந்தே வருகிறது. மாதம் கட்டும் பணத்திலேயே அது அடங்கியிருந்தும் கேட்டு வாங்காதவர்கள் நிறைய. ஏர்டெல் எக்ஸ்ட்ரீம் பாக்ஸ் முறையான சான்று பெற்ற ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸ்தான். உங்கள் திட்டத்தில் அது இருந்தால் செலவே இல்லை.

அது கிடைக்காவிட்டால் இரண்டு வழிகள். ஒன்று அமேசானின் ஃபயர் டிவி ஸ்டிக். இன்னொன்று, ஷாவ்மி மாதிரி தெரிந்த கம்பெனியின் கூகுள் டிவி ஸ்டிக். விலை வாரத்துக்கு வாரம் மாறும், பண்டிகைத் தள்ளுபடியில் இரண்டுமே உங்கள் பட்ஜெட்டுக்குள் இறங்கும். ரோக்கு என்ற அமெரிக்க ஸ்டிக் பற்றிப் படித்திருப்பீர்கள், அது இந்தியாவில் முறைப்படி விற்பனையில் இல்லை. ஆப்பிள் டிவி விளம்பரத் தொல்லை குறைந்தது, ஆனால் அதன் விலைக்கு உங்கள் பட்ஜெட்டை மூன்று மடங்காக்க வேண்டும்.

உங்கள் இடத்தில் இருந்தால் நான் 2 ஜிபி ராம் (ஆப்கள் ஓடும்போது பயன்படும் நினைவகம்) உள்ள கூகுள் டிவி ஸ்டிக்கை வாங்குவேன். 4கே என்ற எழுத்துக்காக அல்ல. 32 இன்ச் டிவிகளில் பெரும்பாலானவை ‘எச்டி ரெடி’ ரகம், 4கே படம் போட்டாலும் வித்தியாசம் தெரியாது. ராம்தான் முக்கியம். 1 ஜிபி ஸ்டிக் முதல் வருடம் ஓடும், அப்புறம் இப்போது உங்கள் டிவி படுத்தும் பாட்டையே அதுவும் படுத்தும். பெயரில் 4கே இருந்தால் ராம் அதிகம் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃபயர் டிவி ஸ்டிக் 4கே செலக்ட் 1 ஜிபி ராமோடுதான் வருகிறது.

கூகுளைச் சொல்ல இன்னொரு காரணம், டிவிக்கென்றே புதிதாக ஒரு ஜிமெயில் கணக்கு தொடங்கி அதை மட்டும் அதில் போடலாம். உங்கள் மெயில், போட்டோ, போனில் தேடியது எதுவும் டிவி பக்கம் வராது. பேரப்பிள்ளைகள் பார்க்கும் கார்ட்டூன் உங்கள் யூடியூபில் வந்து குவியவும் செய்யாது. அந்தக் கணக்கில் கார்டு எண்ணைச் சேர்க்காதீர்கள். செட்டிங்ஸில் ‘ஆப்ஸ் ஒன்லி மோட்’ என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் நம் ரசனையைப் பார்த்து வரும் பரிந்துரைகள் நின்றுவிடும். குரலில் தேடும் வசதியும் கூடவே போய்விடும், எனக்கு அது பெரிய இழப்பாகத் தெரியவில்லை. அதே செட்டிங்ஸில் பிரைவசிக்குப் போய் விளம்பர ஐடியை அழித்துவிடுங்கள், ‘யூசேஜ் அண்ட் டயக்னாஸ்டிக்ஸ்’ என்பதையும் அணையுங்கள்.

ஏற்கெனவே பிரைம் சந்தா இருந்து ஃபயர் டிவிதான் வேண்டுமென்றால் தாராளமாக வாங்கலாம். மாட்டிய அன்றே செட்டிங்ஸ், பிரிஃபரன்சஸ், பிரைவசி செட்டிங்ஸ் என்று உள்ளே போங்கள். டிவைஸ் யூசேஜ் டேட்டா, கலெக்ட் ஆப் யூசேஜ் டேட்டா, இன்ட்ரஸ்ட் பேஸ்டு ஆட்ஸ் மூன்றையும் ஆஃப் செய்யுங்கள். பிரிஃபரன்சஸிலேயே ‘ஃபீச்சர்டு கன்டென்ட்’ என்று இருக்கும், அதில் ஆட்டோபிளேயை நிறுத்தினால் டிவியைப் போட்டதும் விளம்பரம் தானாகக் கத்தாது. ரிமோட்டில் உள்ள மைக் பட்டனை அழுத்தினால்தான் கேட்கும், நாள் முழுக்க ஒட்டுக்கேட்பதில்லை. பேசியது சேமிக்கப்படக் கூடாது என்றால் அமேசானின் குரல் உதவியாளரான அலெக்ஸாவின் ஆப்பில், பிரைவசி பகுதியில் அதற்கு வழி உண்டு.

இத்தனையும் செய்தாலும் நெட்ஃப்ளிக்ஸில் பார்ப்பது நெட்ஃப்ளிக்ஸுக்கும், ஜியோஹாட்ஸ்டாரில் பார்ப்பது அவர்களுக்கும் தெரியத்தான் செய்யும். லாகின் செய்து பார்க்கும் எதிலும் அதைத் தடுக்க வழியில்லை. சட்டம் காப்பாற்றுமா என்றால், 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகளே 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியமான கடமைகளுக்குக் கம்பெனிகளுக்கு 18 மாத அவகாசமும் கொடுத்திருக்கிறார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், அது உங்கள் டிவி. ஸ்மார்ட் டிவிகள் பலவற்றில் ஏசிஆர் என்ற வசதி இருக்கிறது. திரையில் ஓடும் படத்தை அடிக்கடி துளித்துளியாகப் பிடித்து, அது என்ன நிகழ்ச்சி என்று கண்டுபிடித்து கம்பெனிக்குச் சொல்லும். அமெரிக்காவில் 2017இல் விஸியோ என்ற டிவி கம்பெனி இதற்காக 22 லட்சம் டாலர் கட்டியது. ஸ்டிக் மாட்டினால் இதிலிருந்து தப்பிவிடலாம் என்று நினைப்போம். ஆனால் சாம்சங், எல்ஜி டிவிகளை வைத்து 2024இல் வெளியான ஓர் ஆய்வில், எச்டிஎம்ஐ வழியாக வரும் படத்தையும் ஏசிஆர் கவனிப்பது தெரியவந்தது. அதாவது ஸ்டிக்கை எவ்வளவு ஒழுங்காக அமைத்தாலும் டிவி தன் பங்குக்கு வேவு பார்க்கலாம். செட்டிங்ஸில் அணைத்ததும் அந்தப் போக்குவரத்து நின்றதையும் அதே ஆய்வு சொல்கிறது. சாம்சங்கில் ‘வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்’, எல்ஜியில் ‘லைவ் பிளஸ்’ என்று அதற்குப் பெயர்.

உங்கள் டிவிக்கு இந்தத் தேடலெல்லாம் வேண்டாம். ஸ்டிக் வந்தபின் டிவிக்கு இன்டர்நெட்டே தேவையில்லை. டிவியின் நெட்வொர்க் செட்டிங்ஸில் வீட்டு வைஃபையை ‘ஃபர்கெட்’ கொடுத்து, ஸ்டிக்கை மட்டும் இணையுங்கள். அப்டேட் நின்றுபோன பழைய டிவி நெட்டில் இல்லாமல் இருப்பது வேறு வகையிலும் நல்லது. ரூட்டரில் ‘கெஸ்ட்’ வைஃபை இருந்தால் ஸ்டிக்கை அதில் போடலாம். போனிலிருந்து டிவிக்கு காஸ்ட் செய்யும் பழக்கம் இருந்தால் மட்டும் அது சரிப்படாது.

வாங்குவதற்கு முன் டிவியின் பின்பக்கம் எச்டிஎம்ஐ துளை ஒன்று காலியாக இருக்கிறதா, ஸ்டிக் நுழையும் அளவுக்குச் சுவரோடு இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இடமில்லையென்றால் குட்டி எக்ஸ்டெண்டர் வயர் ஒன்று போட்டுக்கொள்ளலாம். ஸ்டிக்குக்கான மின்சாரத்தை டிவியின் யுஎஸ்பியிலிருந்து எடுக்காதீர்கள். பல டிவிகளில் அந்தக் கரண்ட் போதாமல் ஸ்டிக் நடுவில் ரீஸ்டார்ட் ஆகும், பலரும் அதை ஸ்டிக்கின் கோளாறு என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். கூட வரும் அடாப்டரையே சுவர் பிளக்கில் செருகிவிடுங்கள்.