கீழே கடை, மாடியில் இலவச கிளினிக்: 60 லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: வருமான வரி விலக்குப் பெற்ற எங்கள் அறக்கட்டளைக்கு மதுரையில் 7 சென்ட் மனை இருக்கிறது. தரைத்தளத்தில் 4 கடை, மாடியில் இலவச கிளினிக் கட்ட 90 லட்சம் ஆகும். கையில் 30 லட்சம் உள்ளது. மீதியை 10% வட்டியில் 10 ஆண்டுக் கடனாக வாங்கலாமா? கடைக்கு மாதம் 20,000 வாடகை கிடைக்கும். ஒரு கடையை அறங்காவலர் ஒருவரின் மைத்துனர் 12,000-க்குக் கேட்கிறார்.

பதில்: இந்தக் கடன் வேண்டாம். 60 லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 79,300. நாலு கடையும் காலியில்லாமல் ஓடினாலே வாடகை 80,000தான். டாக்டர் சம்பளத்துக்கும் மருந்துக்கும் என்ன மிஞ்சும்?

இப்போது தரைத்தளம் மட்டும் கட்டுங்கள். அஸ்திவாரத்தை மட்டும் இரண்டு தளத்துக்குப் போட்டுவிடுங்கள். 55 லட்சத்துக்குள் முடித்தால் கடன் 25 லட்சம், தவணை சுமார் 33,000. ஒரு கடையைக் குறைத்து அங்கே கிளினிக்கை வையுங்கள். முழங்கால் வலியோடு வருகிறவரை மாடிப்படி ஏறச் சொல்வது நியாயமில்லை. மூன்று கடை வாடகை 60,000-இல் தவணை போக 27,000 கிளினிக்குக்கு நிற்கும்.

கட்டடத்தின் தரை வெளித்தரையைவிட ஒன்றரை அடி உயர்ந்தால் சாய்தளம் 18 அடி நீளம் வேண்டும். வரைபடத்திலேயே கிளினிக்குக்குத் தனி வாசலோடு இதை ஒதுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கடைக்கு வருகிறவர்களின் பைக்குகள்தான் அங்கே நிற்கும். மின் இணைப்பும் கடைகளுக்குத் தனி, கிளினிக்குக்குத் தனி.

வரிக்கு வருவோம். வாடகையும் நன்கொடையும் சேர்ந்த வருமானத்தில் 85% அறப்பணிக்குச் செலவாக வேண்டும். கடனில் செய்த செலவு அந்த ஆண்டின் 85% கணக்கில் ஏறாது, அசலைத் திருப்பும்போதுதான் ஏறும். அதுவும் செலவு செய்த நிதியாண்டு முடிந்து 5 ஆண்டுக்குள் கட்டிய அசல் மட்டுமே. 10 ஆண்டுத் தவணையில் பின்பாதி அசல் இதில் சேராது என்பதைப் பலர் தாமதமாகத்தான் கவனிக்கிறார்கள். பெரிய நன்கொடை வரும்போதெல்லாம் அசலைக் குறையுங்கள். ஒப்பந்ததாரர் பில்லில் வரும் 18% ஜிஎஸ்டியை வாடகை ஜிஎஸ்டியில் கழிக்க முடியாது. அதையும் செலவில் சேர்த்தே மதிப்பிடுங்கள்.

மைத்துனருக்குக் கடை கொடுக்கலாம், ஆனால் 20,000-க்குத்தான். மாதம் 8,000 விட்டுக்கொடுத்தால் அறங்காவலரின் உறவினருக்கு ஆண்டுக்கு 96,000 சலுகை. அதற்கு 30% வரியும், அந்த 96,000-க்கு இணையான அபராதமும் அறக்கட்டளை தலையில் விழும்.

வங்கிக்குப் போகும் முன் டிரஸ்ட் டீடை (அறக்கட்டளைப் பத்திரத்தை) பிரித்துப் பாருங்கள். கடன் வாங்கவும் வாடகைக்கு விடவும் அதிகாரம் அதில் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் கடன் மனு அங்கேயே நின்றுவிடும்.