சோகையைக் கொளுத்திவிட்டு ஹியூமிக் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, கோபிசெட்டிபாளையம் பக்கம் செம்மண் பூமி மூன்று ஏக்கர். ஒன்பது வருடமாகக் கரும்புதான். ஏக்கருக்கு 50 டன் எடுத்த காடு 28 டன்னுக்கு வந்துவிட்டது. தண்ணீர் விட்டால் மேலேயே நிற்கிறது, காய்ந்தால் கட்டாந்தரையாக இறுகிவிடுகிறது. மண்புழுவையே காணோம். மண் பரிசோதனையில் கார அமில நிலை 8.1, அங்ககக் கரிமம் 0.32 சதம். போன வருடம் யூரியாவை அடியோடு நிறுத்திவிட்டு மாதம் ஒரு தடவை ஏக்கருக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தம் (சாணி, கோமியம் கலந்து புளிக்கவைத்த கரைசல்) விட்டேன், பயிர் மஞ்சளடித்துவிட்டது. உரக்கடையில் ஹியூமிக் அமிலமும் குருணை உரமும் சேர்ந்த செட் ஏக்கருக்கு 6,500 ரூபாய், மண் பொலபொலவென்று ஆகிவிடும் என்கிறார்கள். வாங்கலாமா? ஜீவாமிர்தத்தை எத்தனை லிட்டராகக் கூட்டணும்? வெட்டு முடிந்தது. சோகையை (கரும்பின் காய்ந்த தோகையை) கொளுத்திவிட்டுக் கட்டையை உழுதழிக்க வேண்டியதுதான் பாக்கி.

பதில்: முதலில் சோகையைக் கொளுத்தாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஒரு டன் கரும்புக்குச் சுமாராக 100 கிலோ சோகை விழும். உங்கள் விளைச்சலுக்கு ஏக்கருக்கு மூன்று டன். நன்றாக விளைந்த வருடங்களில் ஐந்து டன். ஒன்பது வருடத்தில் ஏக்கருக்கு 30 டன்னுக்குக் குறையாத காய்ந்த தழையைப் புகையாக்கியிருக்கிறீர்கள். அதிலிருந்த தழைச்சத்தும் (நைட்ரஜன்) கந்தகமும் பெரும்பாலும் காற்றோடு போய்விட்டன. மிஞ்சிய சாம்பலில் சாம்பல்சத்து (பொட்டாஷ்) போன்ற தாதுக்கள் மட்டும் உண்டு. அதுவும் காற்றடித்தால் பக்கத்துக் காட்டுக்குத்தான். நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி "எத்தனை லிட்டர் விடணும்" என்பதல்ல, "வருடத்துக்கு எத்தனை டன் தழை மண்ணுக்குத் திரும்பணும்" என்பது.

ஒரு ஏக்கரில் மேல் அரையடி மண் சுமார் 900 டன் எடை இருக்கும். கரிமத்தை 0.32-லிருந்து 0.42 ஆக்க மண்ணில் 900 கிலோ கரிமம் தங்க வேண்டும். போடுகிற தழையில் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் தின்று காற்றுக்கே திருப்பிவிடும் என்பதால், அந்த 900 கிலோ தங்க எட்டு முதல் பத்து டன் காய்ந்த தழை போட்டாக வேண்டும். இப்போது கடைக்காரர் காட்டும் பாட்டிலுக்கு வாருங்கள். 12 சத ஹியூமிக் ஒரு லிட்டரில் இருப்பது 120 கிராம். 900 டன் மண்ணில் 120 கிராம்! கறுப்பாக இருப்பதால் தொழு உரத்தின் சாறு என்று நம்பி வாங்குகிறார்கள். பழுப்பு நிலக்கரி வகைப் படிவைப் பொட்டாஷ் காரத்தில் கரைத்தெடுப்பதுதான் பெரும்பாலான சரக்கு. நாற்றங்காலில் வேர் பிடிக்கக் கொஞ்சம் உதவும். இறுகிய காட்டை அது திருத்தும் என்று சொல்லி விற்பது ஏமாற்று வேலை. அந்த 6,500 ரூபாயை உழவுக்கும் விதைக்கும் வையுங்கள்.

ஜீவாமிர்தத்தைக் கூட்ட வேண்டாம். 10 கிலோ சாணி, 10 லிட்டர் கோமியம், 2 கிலோ பயறு மாவு எல்லாம் சேர்த்தாலும் ஒரு டிரம்மில் தழைச்சத்து கால் கிலோவைத் தாண்டாது. கரும்பு ஏக்கருக்கு 100 கிலோவுக்கு மேல் கேட்கும் பயிர். மஞ்சளடிக்காமல் என்ன செய்யும்? ஜீவாமிர்தம் உறைமோர். உறைய வேண்டிய பால் தழைதான், அது உங்கள் காட்டில் இல்லை. அதே 200 லிட்டரை நனைந்த சோகை மேல் ஊற்றினால் வேலை செய்யும்.

அடுத்து ரோட்டவேட்டர், அதாவது டிராக்டரில் மாட்டும் சுழல் கலப்பை. வருடா வருடம் அதே நாலைந்து அங்குலத்தில் சுற்றினால் அதற்குக் கீழே மண் தட்டாகிவிடும். பாசனம் முடிந்த மறுநாள் ஒரு இரும்புக் கம்பியைக் கையால் அழுத்திப் பாருங்கள். எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு குழி தோண்டி, கரும்பு வேரைப் பாருங்கள். நேராக இறங்காமல் பக்கவாட்டில் மடங்கிப் படுத்திருந்தால் தட்டு அங்கேதான். உளிக்கலப்பையை ஒன்றரை அடி இடைவெளியில், ஒன்றேகால் அடி ஆழத்துக்கு, நெடுக்கும் குறுக்குமாக ஓட்டுங்கள். மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது மட்டும். ஈரத்தில் ஓட்டினால் தட்டு உடையாது, கொழு போன வழி வழவழவென்று மெழுகிக்கொள்ளும்.

உழவுக்கு முன் சோகையை வரப்போரம் ஒதுக்கி, சாணிக் கரைசல் தெளித்து நனைத்து வையுங்கள். கோடை மழை ஈரத்தில் பலதானியம், அதாவது வளர்த்து மண்ணிலேயே மடக்கி உழுவதற்கான பலவகை விதைக் கலவை, விதையுங்கள். இருபது வகையும் தேடி அலைய வேண்டாம். ஏக்கருக்குச் சணப்பு 8 கிலோ, தக்கைப்பூண்டு 6, தட்டைப்பயறு 3, சோளம் 2, கம்பு 1 போதும். கம்பை மட்டும் தனியாக மணலில் கலந்து இறையுங்கள். மற்ற விதையோடு சேர்த்தால் அடியில் தங்கி ஒரே இடத்தில் விழும். சோளமும் கம்பும் எதற்கு என்றால், அவற்றின் சல்லிவேர்தான் மண்ணைக் குருணை குருணையாகக் கட்டும். பச்சைச் சோளம் இளசாக இருக்கும்போது மாட்டுக்கு விஷம். மாட்டை உள்ளே விடாதீர்கள், தீவனத்துக்கும் அறுக்காதீர்கள்.

45-50 நாளில் சணப்பு பூவெடுக்கத் தொடங்கும். தண்டை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். கிள்ள வந்தால் அதுதான் பருவம். நாராக இழுத்தால் பருவம் தாண்டிவிட்டது. அப்படி முற்றியதை மடக்கினால் நுண்ணுயிர் அதை மட்கவைக்க மண்ணில் உள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், அடுத்த பயிர் மறுபடி மஞ்சளடிக்கும். மடக்குவதற்குச் சட்டிக் கலப்பை. ஈரம் கட்டாயம், காய்ந்த மண்ணில் மடக்கிய தண்டு குச்சியாகவே கிடக்கும். மடக்கிப் பதினைந்து நாள் விட்டுத்தான் விதைப்பு. அவசரப்பட்டால் விதை அழுகும்.

முதல் போகத்துக்குக் கரும்பும் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம். ஆடியில் உளுந்து போடுங்கள். வரிசைக்கு நடுவே அந்தச் சோகையை மூடாக்காகப் பரப்புங்கள். நெற்றை மட்டும் பறித்துக்கொண்டு செடியைக் காட்டிலேயே விடுங்கள். திரும்பக் கரும்புக்கு வரும்போது அகலப் பார் விட்டு, இடையில் சணப்பு விதைத்து, 45-ஆம் நாள் மண் அணைக்கும்போது மடக்கிவிடலாம். அப்போது தழைச்சத்துக்குக் கணக்கு போட்டு வையுங்கள்: ஐந்து டன் தொழு உரம், நூறு கிலோ கடலைப் புண்ணாக்கு, நூறு கிலோ வேப்பம் புண்ணாக்கு. இத்தனை போட்டாலும் கரும்பு கேட்கும் 100 கிலோ தழைச்சத்து முழுதாகக் கிடைக்காது, முதல் வருடம் 50 டன்னும் வராது.

ஒன்று பாக்கி. காய்ந்த மண்கட்டி ஒன்றை ஒரு தம்ளர் மழைத்தண்ணீரில் மெதுவாக இறக்கி, கலக்காமல் மறுநாள் வரை வையுங்கள். கட்டி உதிர்ந்து தண்ணீர் தெளிவாக இருந்தால் மேலே சொன்னதே போதும், சோடியம் ஏறிய மண்ணுக்குப் போடும் ஜிப்சம் வாங்கிச் செலவு செய்யாதீர்கள். கட்டியைச் சுற்றிப் பால்போலக் கலங்கினால் சோடியம் ஏறியிருக்கிறது. அப்படியானால் கிணற்றுத் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுத்து அறிக்கையோடு எழுதுங்கள். ஜிப்சம் எத்தனை என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.