பாட்டியிடம் சோற்றைப் பற்றிக் கேளுங்கள்

தங்கச்சி, முனைவர் பட்டத்துக்காக வெளிநாட்டிலிருந்து மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வந்து, தோட்டத்துப் பாட்டிகளிடம் போர்க்காலம் பற்றிக் கேட்டால் "ஜப்பான்காரன் காலம், கஷ்டம்தான்" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள், மீதியை மகன்களே பேசுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். மகன் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் அப்படித்தான் நடக்கும். மருமகளிடம் சொல்லிவிட்டு, மத்தியானம் சமையலறைப் பக்கம் போங்கள். பாட்டி நெத்திலி தலை கிள்ளிக்கொண்டிருந்தால் நீங்களும் உட்கார்ந்து கிள்ளுங்கள்.

அப்புறம் சோற்றைப் பற்றிக் கேளுங்கள். அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கு தின்றது, சாக்கைத் தைத்து உடுத்தியது எல்லாம் தானாக வரும். ஜப்பான்காரன் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட மரண ரயில் பாதைக்கு ஆள் பிடித்த கதை அதன் பின்னாலேயே வரும். 415 கிலோமீட்டர் தண்டவாளத்தைப் பற்றிப் புத்தகங்களே இருக்கின்றன. அப்பா திரும்பாத வீட்டில் அம்மா எதை விற்று அடுப்பு மூட்டினார் என்பதைப் பாட்டிதான் சொல்ல முடியும். 1942-இல் அவர்கள் சிறுமிகள், அதனால் தாயின் கதையாகவே சொல்வார்கள். அதுவும் உங்களுக்குத் தரவுதான்.

ஜப்பான் சிப்பாய்கள் லயத்துக்குள், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குள், நுழைந்ததைச் சொல்லும்போது பேச்சு நின்றால், துருவாதீர்கள், ரிக்கார்டரை அணைத்துவிடுங்கள்.

சம்மதத் தாளை எடுத்ததும் நீட்ட வேண்டாம், நிலப் பத்திரமோ என்று வீடே மிரளும். வாய்மொழிச் சம்மதம் போதுமா என்று உங்கள் நெறிமுறைக் குழுவிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். ஆய்வேட்டில் தோட்டத்தின் பெயரையும் மாற்றுங்கள். இங்கே "கோயில் பக்கத்து வீட்டுப் பாட்டி" என்றாலே யாரென்று ஊருக்கே தெரிந்துவிடும்.