15 கல்லூரி மாணவர்கள், 2 ஆசிரியர்கள், மே மாதம் கினபாலு மலையும் டானும் காடும்: எப்படித் தயாராவது?

மலேசியாவின் சபா மாநிலத்தில் முதலில் கினபாலு மலை ஏறி, பிறகு டானும் பள்ளத்தாக்கின் மழைக்காட்டில் இரண்டு நாள் தங்குவது உங்கள் திட்டம். இரண்டும் ஒரே மாநிலம்தான், ஆனால் தயாரிப்பு வேறு வேறு. மலையில் குளிரும் முட்டி வலியும், காட்டில் ஈரமும் காய்ச்சலும்.

மலையில் இருந்து தொடங்குகிறேன். ஏற்றம் தொடங்கும் டிம்போஹோன் வாசல் 1,866 மீட்டரில் இருக்கிறது. முதல் நாள் 6 கி.மீ. ஏறி, சுமார் 3,270 மீட்டரில் உள்ள பனலாபானில் தங்குவீர்கள். மறுநாள் விடியற்காலை இரண்டு, இரண்டரைக்குக் கிளம்பி 2.7 கி.மீ. ஏறினால் 4,095 மீட்டரில் மலையின் உச்சியான லோஸ் சிகரம். அன்றைக்கே வாசல் வரை 8.7 கி.மீ. முழுவதும் இறங்க வேண்டும். எல்லோரும் ஏறுவதற்குத்தான் பயிற்சி எடுக்கிறார்கள். ஆனால் மாணவர்கள் படுத்துவிடுவது இந்த இறக்கத்தில்தான். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்குகிறது. பழகாத தசையில் நுண்ணிய கிழிசல்கள் விழுந்து, நாலைந்து கிலோமீட்டருக்குள் கால் நடுங்க ஆரம்பிக்கும். நடுங்குகிற காலை ஈரப் படியில் வைத்தால் கணுக்கால் பிசகும்.

எனவே குறைந்தது 8 வாரப் பயிற்சி, வாரம் மூன்று நாள். பத்து மாடிக் கட்டடம் கிடைத்தால் போதும். நான்கு சுற்றில் தொடங்கிப் பதினைந்து சுற்றுக்கு வாருங்கள். இறங்குவதற்கு லிஃப்ட் வேண்டாம், இந்தப் பயிற்சியின் பாதிப் பலன் இறங்குவதில் இருக்கிறது. பையில் 2 கிலோவில் ஆரம்பித்து 6 கிலோ வரை ஏற்றுங்கள். அந்த எடை தண்ணீர் பாட்டிலாக இருந்தால், முட்டி வலிக்கும்போது கொட்டிவிட்டுத் தொடரலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முழுநாள் மலை நடை வேண்டும். சென்னைப் பக்கம் என்றால் பர்வதமலை நல்ல பயிற்சிக்களம். பதினைந்து சுற்று முடித்த மறுநாள் தொடை வலிக்காமல் படி இறங்க முடிந்தால், அந்த மாணவர் தயார்.

அனுமதி விஷயத்தில் தாமதம் கூடாது. பனலாபானில் படுக்கைகள் குறைவு, ஒரு நாளைக்கு நூற்றுச் சொச்சம் பேருக்குத்தான் இடம். பல மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். உரிமம் பெற்ற வழிகாட்டி கட்டாயம், அதிகபட்சம் 5 பேருக்கு ஒருவர். நீங்கள் 17 பேர் என்பதால் 4 வழிகாட்டிகள். முதல் நாள் வாசலைக் காலை பத்தரைக்குள் தாண்ட வேண்டும். கோத்தா கினபாலுவில் இருந்து பூங்காவுக்கு 90 கி.மீ. மலைப்பாதை என்பதால், முந்தின இரவே பூங்காவிலோ பக்கத்து ஊரான குண்டசாங்கிலோ தங்குங்கள். உடம்பு உயரத்துக்குப் பழகவும் அது உதவும். மலேசியாவுக்கான எம்டிஏசி என்ற மின்னணு வருகைப் படிவத்தைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பிவிடுங்கள். கோலாலம்பூரில் முத்திரை வாங்கியிருந்தாலும் சபாவில் குடிநுழைவுச் சோதனை மறுபடி உண்டு, பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் புதைக்காதீர்கள்.

வெப்பமண்டல நாடுதானே என்று ஜீன்ஸும் பருத்திச் சட்டையுமாக வருவதுதான் வழக்கமான பிழை. உச்சியில் விடியலுக்கு முன் வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கும், காற்றும் அடிக்கும். முதல் நாள் மதிய மழையில் நனைந்த பருத்தி இரவெல்லாம் காயாது. சீக்கிரம் காயும் செயற்கை இழைச் சட்டை, ஃபிளீஸ் என்ற கதகதப்பான மேலாடை, மழை ஜாக்கெட், கம்பளித் தொப்பி ஆகியவை ஆளுக்கு ஒன்று. கையுறை இரண்டு ஜோடி, ஏனென்றால் மேலே ஈரப் பாறையில் கயிறு பிடித்து ஏற வேண்டும், நனைந்த கையுறை விரலை மரத்துப்போகச் செய்யும். தலைவிளக்கும் மாற்று பேட்டரியும் கட்டாயம். செல்போன் விளக்கு உதவாது, கயிற்றுக்கு இரண்டு கையும் வேண்டும். ஷூ அரை அளவு பெரிதாக, ஏற்கெனவே நடந்து பழகியதாக இருக்கட்டும். கால் நகத்தை மூன்று நாள் முன்பே வெட்டுங்கள், இல்லையென்றால் இறக்கத்தில் நகம் கறுத்துவிடும்.

மாணவர் குழுவுக்கென்றே உள்ள ஆபத்து ஒன்று உண்டு. நண்பர்கள் முன்னால் "என்னால முடியல" என்று சொல்ல யாரும் விரும்புவதில்லை. தலைவலியையும் வாந்தியையும் மறைத்துக்கொண்டு ஏறுவார்கள். 4,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். தலைவலியோடு வாந்தியோ தள்ளாட்டமோ சேர்ந்தால் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, உடனே கீழே இறக்க வேண்டும். எந்த ஆசிரியர் உச்சிக்குப் போவார், எவர் திரும்புகிறவர்களோடு இறங்குவார் என்பதை ஊரிலேயே முடிவு செய்யுங்கள். வேகம் ஒத்தவர்களை ஒரே வழிகாட்டியிடம் சேருங்கள், இல்லையென்றால் ஒருவர் சோர்ந்தால் ஐவரும் திரும்ப நேரும். பனலாபானுக்கு மேலே உள்ள சாயாத்-சாயாத் சோதனைச் சாவடியை இரண்டாம் நாள் காலை 5 மணிக்குள் தாண்டாதவர்களுக்கு மேலே அனுமதி இல்லை என்பதையும் முன்பே சொல்லி வையுங்கள். ஆஸ்துமா, சர்க்கரை, வலிப்பு, மாதவிடாய் மருந்துகள் போன்ற விவரங்களைப் பெற்றோர் மூலம் வாங்காமல், மாணவரிடமே தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்குச் சொல்லாதது பல இருக்கும்.

உயரத்துக்கான அசிட்டசோலமைடு மாத்திரையை (வழக்கமாக 125 மி.கி., ஏறுவதற்கு முந்தின நாளில் இருந்து இரண்டு வேளை) மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும் எடுங்கள். ஊரிலேயே ஒரு நாள் சாப்பிட்டு ஒவ்வாமை பாருங்கள்.

அங்குள்ள கடஸான் டூசுன் மக்களுக்கு இந்த மலை மூதாதையரின் ஆன்மாக்கள் தங்கும் இடம். உச்சியில் கூச்சலும் அநாகரிகப் படங்களும் வேண்டாம். 2015இல் அங்கே ஆடை களைந்து படம் எடுத்த வெளிநாட்டுப் பயணிகள் கைதானார்கள்.

அடுத்து காடு. அட்டை பார்க்கப் பயமாக இருக்குமே தவிர நோய் பரப்புவது அரிது. முட்டி வரை இறுக்கமாக நெய்த அட்டை சாக்ஸ் போடுங்கள். ஒட்டிக்கொண்டால் உப்பு, நெருப்பு வேண்டாம், நகத்தால் வாய்ப்பக்கம் நெம்பி எடுத்து, சோப்பால் கழுவினால் போதும். 25 முதல் 30 சதவீதம் டீட் (DEET, கொசுவை விரட்டும் வேதிப்பொருள்) கலந்த, தோலில் பூசும் கொசு மருந்து பகலிலும் வேண்டும், டெங்கு பரப்பும் கொசு பகலில்தான் கடிக்கிறது. குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் நோலெசி மலேரியா சபாவில் உண்டு. எனவே கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பே பயண மருத்துவரைப் பாருங்கள்.

எனக்கு இதைவிடக் கவலை எலிக்காய்ச்சல் (லெப்டோஸ்பைரோசிஸ்). 2000ஆம் ஆண்டு சபாவில் நடந்த ஈக்கோ சேலஞ்ச் சாகசப் போட்டியில் ஏராளமான வீரர்களுக்கு அது தொற்றியது. செகாமா ஆற்றில் நீந்தியதோடு அது தொடர்புபட்டது என ஆய்வு காட்டியது. டானும் பள்ளத்தாக்கு அதே செகாமா ஆற்றை ஒட்டித்தான் இருக்கிறது. மழைக்குப் பிறகு ஆற்றில் குதிக்க வேண்டாம், காலில் கீறல் இருந்தால் நீர்புகாப் பிளாஸ்திரி ஒட்டுங்கள். தடுப்புக்காக வாரம் ஒருமுறை டாக்ஸிசைக்ளின் தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். அதை எடுத்தால் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். வெயிலில் தோலும் சீக்கிரம் எரியும்.

பயணக் காப்பீட்டில் மலையேற்ற உயர வரம்பைப் படியுங்கள். 4,000 மீட்டரில் நிற்கிற பாலிசி உங்களுக்குப் பயன்படாது. கிழக்கு சபாவின் கடலோரத்துக்குச் சில நாடுகளின் பயண எச்சரிக்கை உண்டு. டானும் போகும் வழியில் உள்ள லகாட் டத்து பகுதியைக் காப்பீடு ஏற்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

திரும்பி வந்து ஒரு மாதத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால், பாராசிட்டமாலோடு நிறுத்தாமல், மருத்துவரிடம் முதல் வாக்கியமே "சபா காட்டுக்குப் போய் வந்தேன்" என்பதாக இருக்கட்டும். அப்போதுதான் அவர் மலேரியா, டெங்கு, எலிக்காய்ச்சல் மூன்றுக்கும் இரத்தப் பரிசோதனை எழுதுவார்.