பழைய பெயின்ட்டைச் சுரண்டுவதற்கு முன்

கேள்வி: கும்பகோணத்தில் எங்கள் பூர்வீக வீட்டைப் புதுப்பிக்கிறோம். கதவு, ஜன்னல் எல்லாம் நாற்பது வருடத்து எனாமல் பெயின்ட். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டுப் புதிதாக அடிக்கலாம் என்கிறார் பெயின்டர். ஐந்து மாதக் கர்ப்பிணியான மருமகளும் இரண்டு வயதுப் பேரனும் வீட்டில் இருக்கிறார்கள். பெயின்ட் வாசனை அவர்களுக்கு ஒத்துக்கொள்ளுமா?

பதில்: வாசனையைவிட, தேய்க்கும்போது கிளம்பும் தூசிதான் எனக்குக் கவலை. வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 90 பங்கை) தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் வீட்டு எனாமலில், முக்கியமாக மஞ்சள், சிவப்பு, பச்சையில், ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு அடித்த சுவருக்கு இவ்வளவு பயம் வேண்டாம்.

அந்தத் தூசி தரையில் படியும். தரையில் தவழ்ந்து விளையாடும் பேரன் கையை வாயில் வைப்பான். விழுங்கிய ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் உடல் உறிஞ்சிக்கொள்ளும். அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அந்தப் பாதிப்பு முழுதாகச் சரியாகாது. தாயின் ரத்தத்தில் சேரும் ஈயம் நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவுக்கும் போகும். இவ்வளவு இருந்தால் பாதுகாப்பு என்று சொல்ல ஓர் அளவே கிடையாது.

அதனால் முதல் சுரண்டலுக்கு முன்பே மருமகளையும் பேரனையும் வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பது போதாது.

பெயின்ட் உரியாமல் கெட்டியாக இருக்கும் இடத்தில் சுரண்டவே வேண்டாம். ஈரத்தில் லேசாகத் தேய்த்து மேலே அடித்தால் போதும். உரியும் இடத்தில் தண்ணீர் தெளித்து வாட்டர் பேப்பரால் தேய்க்கட்டும். மெஷின் போட்டுக் காய்ந்தபடி தேய்ப்பதும், நெருப்பு காட்டி உருக்குவதும் கூடவே கூடாது. கீழே பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, சாயங்காலம் அதை உள்பக்கமாகச் சுருட்டி எடுங்கள். துடைப்பம் தொடாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். பெயின்டர் முகத்தில் துண்டு கட்டினால் பயனில்லை, என்95 மாஸ்க்காவது வேண்டும். அவர் வீட்டிலும் குழந்தைகள் இருக்கலாம். கை, முகம் கழுவி, உடை மாற்றிக்கொண்டு கிளம்பச் சொல்லுங்கள். அப்புறம், கழற்றிய பழைய ஜன்னல் சட்டங்களை வெந்நீர் அடுப்பில் எரித்துவிடாதீர்கள். அந்தப் புகையிலும் சாம்பலிலும் ஈயம் இருக்கும்.

வேலை ஏற்கெனவே ஆரம்பித்திருந்தால், மருமகளுக்கும் பேரனுக்கும் ரத்தத்தில் ஈய அளவு பாருங்கள். நரம்பிலிருந்து எடுக்கும் சாதாரண ரத்தப் பரிசோதனைதான். அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், பெரும்பாலும் எதுவும் தெரியாது. ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) ரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் ரிப்போர்ட்டோடு குழந்தைகள் மருத்துவரையும் மகப்பேறு மருத்துவரையும் உடனே பாருங்கள்.