உடைந்த பழைய கண்ணாடிப் பொருட்கள்: கேள்விகளும் பதில்களும்

அக்கா, ஆச்சி வீட்டுப் பரணில் மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் ஒரு கிண்ணம் கிடைத்தது. ரேடியம் கலந்தது என்று பயமுறுத்துகிறார்கள்.

ரேடியம் இல்லை, யுரேனியமாக இருக்கலாம். இருட்டில் யுவி (புற ஊதா) டார்ச் அடித்துப் பாருங்கள். பளீரென்று பச்சையாக ஒளிர்ந்தால் யுரேனியக் கண்ணாடிதான். மங்கலான பச்சை மட்டும் தெரிந்தால் மாங்கனீசு கலந்த கண்ணாடியாக இருக்கலாம். இதில் பலர் ஏமாறுகிறார்கள். 1830களில் பொஹீமியாவில் (இன்றைய செக் நாட்டின் பகுதி) ரீடல் என்ற கண்ணாடித் தொழில் குடும்பத்தினர் இந்த மஞ்சள், பச்சை நிறங்களைச் செய்து, தங்கள் வீட்டு அன்னாவின் பெயரையே அவற்றுக்கு வைத்தார்கள். அப்புறம் ஐரோப்பாவின் மற்ற பட்டறைகளும் பிடித்துக்கொண்டன. கதிர்வீச்சு மிகக் குறைவு, அலமாரியில் தாராளமாக வைக்கலாம். ஊறுகாய், புளிப்பான பானம் எதுவும் அதில் வேண்டாம்.

தட்டினால் மணி ஓசை வந்தால் கிரிஸ்டல் என்கிறார்களே, சரியா?

பாதிதான் சரி. கிரிஸ்டல் எனப்படும் ஈயம் கலந்த கண்ணாடி நீளமாக ஒலிக்கும், அதே அளவுள்ள சாதாரணக் கண்ணாடியைவிடக் கையில் கனமாக இருக்கும். ஆனால் ஓசை வடிவத்தைப் பொறுத்தும் மாறும். விரிசல் விட்ட பொருளைத் தட்டவே கூடாது. வெட்டு வேலைப்பாட்டின் முனைகளை விரலால் தடவுங்கள்: கையால் வெட்டியது கூராக இருக்கும், அச்சில் அழுத்தியது மழுங்கியிருக்கும், பெரும்பாலும் அச்சு இணைந்த கோடும் தெரியும். அடியில் கரடுமுரடான வடுவோ, அதைத் தேய்த்த குழியோ இருந்தால், ஊதிய கண்ணாடியை இரும்புக் கம்பியிலிருந்து பிரித்த இடம் அது. அதை மட்டும் வைத்துப் பழையது என்று சொல்லிவிட முடியாது, இன்றும் கையால் ஊதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடியில் 'செக்கோஸ்லோவாக்கியா' என்று இருக்கிறது. நூறு வருடம் பழசா?

அந்த நாடு 1918 கடைசியில் பிறந்து 1992 முடிவில் பிரிந்தது. முத்திரை உண்மையானால் பொருளும் அந்த இடைவெளியில் செய்தது. அதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல வடிவத்தைப் பார்க்க வேண்டும்.

அண்ணன் கைதவறிப் போட்டதில் ஒயின் கிண்ணத்தின் தண்டு முறிந்துவிட்டது. சூப்பர் குளூவால் ஒட்டினார். இப்போது ஒட்டிய இடம் மஞ்சளாகி ஆடுகிறது.

அந்தப் பசை கண்ணாடிக்கு ஏற்றதல்ல. நொறுங்கும் தன்மையுள்ளது, ஈரத்தில் பிடிப்பும் தளரும். அவசரப்பட்டு முறுக்கிப் பிரிக்காதீர்கள், விளிம்பு இன்னும் சில்லு தெறிக்கும். பசையைக் கரைக்கும், சட்டென்று தீப்பிடிக்கும் திரவமான அசிட்டோனில் பஞ்சை நனைத்து ஒட்டிய இடத்தைச் சுற்றி வைத்து, மேலே பாலித்தீன் சுற்றிவிடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்புப் பக்கம் வேண்டவே வேண்டாம். பசை இளகித் தானாக விடும். தங்கமோ மேலே தீட்டிய சாயமோ இருந்தால் அசிட்டோன் அதையும் பெயர்க்கலாம், கண்ணில் படாத ஓரத்தில் சோதித்துப் பாருங்கள்.

பிறகு இரண்டு முனைகளையும் சுத்தமாகத் துடைத்து, விரல் படாமல் பசையின்றி ஒருமுறை சேர்த்துப் பாருங்கள். சரியாகப் பொருந்தினால் டேப் போட்டு நிறுத்திவிட்டு, நீர்போன்ற எபாக்ஸியை (இரண்டு திரவங்களைக் கலந்து இறுகவைக்கும் பசை) விரிசலின் ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள், இடுக்குக்குள் தானே ஏறிக்கொள்ளும். கண்ணாடி சீரமைப்பவர்கள் பயன்படுத்தும் 'ஹெக்ஸ்டால்' எபாக்ஸியின் ஒளிவிலகல் (ஒளியை வளைக்கும் அளவு) கண்ணாடியினுடையதை ஒட்டியிருப்பதால் கோடு மறைந்துபோகும். முழுமையாக இறுக ஏறக்குறைய ஒரு வாரம். ஹார்டுவேர் கடை எபாக்ஸி சீக்கிரம் மஞ்சளாகும். ஒட்டிய கிண்ணம் பார்வைக்கு மட்டும், அதில் குடிக்க வேண்டாம்.

விளிம்பில் சின்னச் சில்லு. தேய்த்துத் தட்டையாக்கலாமா?

என் கருத்து: வேண்டாம். தேய்த்தால் வாய் குட்டையாகி அளவும் கெடும், போனது திரும்ப வராது. அபூர்வமான பொருளாக இருந்தால் சில்லோடு விட்டுவிடுவதே மேல். கையைக் கிழிக்கிறது, தினமும் பயன்படுத்த வேண்டும் என்றால் கண்ணாடி வெட்டுபவரிடம் கொடுங்கள்.

பூச்சாடியின் உள்ளே புகை படிந்ததுபோல் இருக்கிறது. தேய்த்தாலும் போகவில்லை.

மூன்று காரணங்களில் ஒன்று. உப்புநீர்ப் படிவென்றால் வினிகரை ஊற்றி ஒரு நாள் வைத்தால் கரையும். கரையவில்லை என்றால் தண்ணீர் நின்று கண்ணாடியின் மேற்பரப்பே அரித்திருக்கிறது. அதை மெருகூட்டித்தான் எடுக்க முடியும். சில விற்பனையாளர்கள் உள்ளே எண்ணெய் தடவி இதை மறைக்கிறார்கள். வாங்கும்போது உட்பக்கம் வழுவழுப்பாக இருக்கிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள்.

மூன்றாவதுதான் எனக்குக் கவலை. பொருள் பிசுபிசுத்து வியர்த்ததுபோல் இருந்தால், அல்லது சிலந்தி வலைபோல் நுண்விரிசல் தெரிந்தால், கண்ணாடியே நோயுற்றிருக்கிறது. சுண்ணாம்பு குறைவாக, காரம் அதிகமாகப் போட்டு உருக்கியதன் விளைவு. ஈரக் காற்றில் அந்தக் காரம் கசியும். சென்னைபோன்ற கடலோர ஊரில் வேகமாகும். வியர்வை மட்டும் என்றால் வெறும் தண்ணீரில் கழுவி உலர்த்தி, ஈரப்பதம் ஏறி இறங்காத மூடிய அலமாரியில் வையுங்கள். நுண்விரிசல் வந்தபின் கழுவாதீர்கள். அதைச் சரிசெய்ய வழி இல்லை, மேலும் போகாமல் நிறுத்தத்தான் முடியும்.

தங்க விளிம்பு தேய்ந்துவிட்டது. புதுத் தங்கம் பூசலாமா?

பூசாதீர்கள். மிஞ்சியிருக்கிற பழைய தங்கத்தைப் பிடித்துவையுங்கள்: டிஷ்வாஷரும் சோடாப் பொடியும் வேண்டாம், மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும்.